கையில் வாங்கிக்கங்க அண்ணாச்சி

குழியூர் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு முன்பே வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லார் கையிலும் பழம். ஒருவன் ஆப்பிள், ஒருத்தி சாத்துக்குடி, இன்னொருவன் மாம்பழம். பையில் போட்டுக் கொண்டுவர மாட்டார்கள், உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். கதவு திறந்ததும் முட்டி மோதிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையை வீசிக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வருவார்கள். நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவன் இவ்வளவு சந்தோஷமாக வருகிற ஊர் வேறெங்கும் கிடையாது.

அந்த ஊர் இருப்பது நிலாவில். பனிக்கட்டி வெட்டுகிற வேலை என்று தென்காசிப் பக்கமிருந்து கூட்டிக்கொண்டு வந்து ஒரு பெரிய குழிக்குள் இறக்கிவிட்ட ஜனங்களுடைய பேரன் பேத்திகள்தான் இப்போது அங்கே இருக்கிறார்கள். தலைக்கு மேலே பாறை, பாறைக்கு மேலே ஒன்றுமில்லை. காற்று குழாயில் வரும். தெருவுக்குத் தெரு வட்டமாக ஓர் இரும்புக் கதவு உண்டு, வளையக்கதவு என்று பெயர். ஒரு தெருவில் காற்று கசிந்தால் அங்கே இருக்கிறவர்கள் அந்த வளையத்துக்குள் புகுந்து அடுத்த தெருவுக்கு ஓடிவர வேண்டும். வந்ததும் கதவை மூடிவிடுவார்கள்.

நிலாவில் உடம்பு கனக்காது. நூற்றைம்பது கிலோ ஆள் இருபத்தைந்து கிலோ பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டு திரிவான். கனம் தெரியாவிட்டால் மனிதன் என்ன செய்வான்? தின்பான். தின்றார்கள். ஒருநாள் கிழக்குத் தெருவில் காற்று கசிந்தது. முதலில் ஓடிவந்த ஆள் வளையக்கதவில் சிக்கிக்கொண்டான். நெஞ்சு இந்தப் பக்கம், இடுப்பு அந்தப் பக்கம். இங்கே இருந்தவர்கள் இழுத்தார்கள், அங்கே இருந்தவர்கள் தள்ளினார்கள். ஆள் அசையவில்லை. பின்னால் நின்ற தெரு மொத்தமும் மூச்சுமுட்டிப் போய்ச் சேர்ந்தது. அவனும் போனான். அவன் உடம்பே கதவை அடைத்துக்கொண்டதால்தான் அடுத்த தெரு தப்பித்தது என்று சொல்லி அவனுக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சட்டம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் வளையத்துக்குள் நுழைந்து காட்ட வேண்டும். நுழைய முடியாதவனுக்குக் கத்தி. வயிற்றை எலுமிச்சம்பழ அளவுக்கு வெட்டித் தைத்து, அதன் வாயில் ஒரு மடையை வைத்துவிடுவார்கள். வயலுக்கு இருக்கிற மடை மாதிரிதான். ஒரு நாளைக்கு நாற்பது கிராம் மாவுச்சத்து வரை திறந்திருக்கும். கணக்கு அதைத் தாண்டினால் மூடிக்கொள்ளும். தண்ணீர் மட்டும் இறங்கும்.

கத்தி படாதவனையும் சும்மா விடவில்லை. எல்லார் மணிக்கட்டிலும் தோலுக்கு அடியில் மாவெண்ணி என்று ஒன்றைப் பதித்தார்கள். தின்கிற மாவுச்சத்தை அது எண்ணும். இருநூறு கிராமை நெருங்காதவரை பச்சை, நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. அடிக்கடி சிவப்பு எரிந்தால் வளையத்தில் நுழைந்து காட்ட வேண்டிய அவசியமே இல்லை. நேரே கத்திதான்.

வினை பழத்தில் வந்தது. பழம் தின்னாத ஜனங்களுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. ஆகவே வாரா வாரம் ஆளுக்கு இரண்டு பழம் கட்டாயம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, எறியவும் முடியாது. ஒரு பழத்துக்குள் இருக்கிற தண்ணீரை வீணாக்கினால் அங்கே ஜெயில். சரி, தின்றுவிட்டுப் போக வேண்டியதுதானே? அங்கேதான் சங்கதி. ஓர் ஆப்பிளுக்கு இருபத்தைந்து கிராம் மாவு. அதைத் தின்றால் சாயங்காலம் முறுக்குக்கு இடமில்லை. முறுக்கா ஆப்பிளா என்றால் குழியூர்க்காரன் கை எதன்மேல் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு முறுக்கைத் தின்றார்கள்.

இதைப் பார்த்த ஒரு பொறியாளன் யோசனை சொன்னான். தின்றாலும் தின்னாவிட்டாலும் கணக்கு ஏறும் என்றால் தின்றுதானே ஆக வேண்டும்? ஒவ்வொரு பழத்தின் காம்பிலும் கடுகளவு ஒரு மணியை வைத்தான். அது உள்ளங்கை ரேகையைப் படிக்கும். கடைசியாக எந்த உள்ளங்கை பட்டதோ அவன் பேரில் பழம். தின்றால் அன்றோடு கணக்கு தீர்ந்தது. தின்னாமல் வைத்திருந்தால் தினமும் அன்றைய கணக்கில் ஏறும். வைத்துக்கொண்டு ஏமாற்றக்கூடாதென்று பழத்தை அழுகாத ஜாதியாகவும் செய்து, வாடாப்பழம் என்று பெயர் வைத்தான். செத்தவன் பேரில் மட்டும் கணக்கு அழியும். அவன் பழமெல்லாம் சரக்குக் கிட்டங்கிக்குத் திரும்பிப் போய், துடைத்து, மறுபடி பங்கீட்டுக்கு வரும்.

பொறியாளன் கெட்டிக்காரன்தான். ஆனால் தனி ஆள். அவனைப் பார்க்க யாரும் வந்ததில்லை, அவனும் யாரையும் பார்க்கப் போனதில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவன் படுத்தால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் ஜனங்களிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது.

ஜனங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே கத்தி வைத்தவனுக்கு இனிமேல் என்ன கெட்டுவிடப் போகிறது? குழியூரில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பழத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற ஒவ்வொருவனுடைய மனசிலும் இதுதான் இருந்தது.

அந்த வாசலில் வருடக்கணக்காக முதல் ஆளாக நின்றவர் தாணுலிங்கம். காற்றுக்குழாய் மேஸ்திரி. வாட்டசாட்டமான ஆள், கலகலப்பான பேச்சு. ஊருக்கே அண்ணாச்சி. யார் படுத்தாலும் அண்ணாச்சி வந்துவிடுவார். பங்கீட்டுக் கடையில் பழத்தை வாங்கியதும் கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார். வாடாப்பழத்தில் அழுத்திப் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் தாத்தா காலத்துக் கைப்பழக்கம், விடவில்லை. அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. "உடம்பைப் பார்த்துக்கிடுங்க. நல்லாச் சாப்பிடணும்" என்று சொல்லி, நோயாளியின் கையை விரித்துப் பழத்தை வைத்து, விரல்களை மடக்கிவிட்டுத்தான் வருவார். வீட்டுக்கு வந்து முறுக்கு தின்பார். அப்படித்தான் பெருத்தார். அந்த வருடம் வளையத்தில் தோள் நுழைந்தது, வயிறு நுழையவில்லை.

கத்தி வைத்த மறுநாள் கண் விழித்தபோது கட்டிலருகே செவிலி நின்றது. சக்கரத்தில் உருளுகிற இயந்திரம். முகம் என்று ஒரு கண்ணாடித் தகடு, அதற்குக் கீழே இரண்டு வழுவழுப்பான கை.

"தங்கள் வயிற்று மடை நன்றாக இயங்குகிறது. இன்று மூன்று வேளையும் கஞ்சி உண்டு" என்றது.

"கஞ்சிக்குத் தொட்டுக்கிட?"

"ஒன்றும் இல்லை."

பக்கத்துக் கட்டிலில் ஒருவன் சிரித்தான். பெயர் ஜெயசிங். அவனுக்கும் கத்தி வைத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஊரிலேயே வாய் கெட்டவன். யார் எதிரே வந்தாலும் அவன் பரம்பரையையே இழுத்துப் பேசுவான். அதனால் அவனைப் பார்க்க ஈ காக்கை வரவில்லை. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு படுத்திருந்தான். தூங்கும்போதும் அப்படியே தூங்கினான்.

சாயங்காலம் காற்றுக்குழாய் ஆட்கள் வந்தார்கள். தாணுலிங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கவே, வாங்க! எதுக்குடே இதெல்லாம்? அப்படி மேசையில வைங்க."

"கீழே வைக்கப்பிடாது, அண்ணாச்சி. கையில் வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டார். பழம் வருகிறதென்றால் எதற்கு வருகிறது என்று அவருக்குத் தெரியாதா? அவரைவிட நன்றாகத் தெரிந்தவன் ஊரில் கிடையாது. ஆனாலும் தான் கொண்டுபோனது வேறு, தனக்கு வருவது வேறு என்று நினைத்தார். எல்லாருமே அப்படித்தான் நினைப்பார்கள். "நம்ம பயலுக நம்ம மேல உயிரையே வச்சிருக்கானுக" என்று ஜெயசிங்குக்குக் கேட்கும்படி சொன்னார். அன்று இருட்டுவதற்குள் பதினொரு பழம். முந்தின வருடம் ஊர்த் தலைவர் காலை முறித்துக்கொண்டு படுத்தபோதுகூட முதல் நாள் ஒன்பதுதான் வந்தது. அதையும் ஜெயசிங்கிடம் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணை எடுத்து மென்னு முழுங்குமய்யா, மடை மூடறதுக்குள்ளே" என்றான் ஜெயசிங்.

"எதை முழுங்க? நாளைக்கு வரவன் பார்த்தா, நாம கொடுத்த பழம் எங்கேன்னு கேட்க மாட்டானா? அடுக்கி வச்சிருக்கிறதுதான் ஒரு அழகு."

அவர் வயிற்றுக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பெட்டிக்கு மூடி போட்டமாதிரி.

மறுநாள் கஞ்சி வரவில்லை. செவிலி தண்ணீர்க் குவளையோடு வந்தது.

"தங்கள் கணக்கில் இருநூற்று எண்பது கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மடை மூடியிருக்கிறது. கணக்கு நாற்பதுக்குக் கீழே இறங்கினால் திறக்கும்."

"நான் ஒண்ணும் திங்கலையே! எல்லாம் அந்தா மேசையில இருக்கு, எண்ணிப் பாரு."

"பதினொன்று. எண்ணிவிட்டேன். எல்லாம் தங்கள் பேரில் இருக்கின்றன."

"அப்ப நீ வாங்கிக்கோ." ஒரு சாத்துக்குடியை அதன் கையில் திணித்தார்.

செவிலி அதை வாங்கித் துடைத்து மேசையில் வைத்தது. "என் கையில் ரேகை கிடையாது" என்றது.

அன்று சாயங்காலம் இன்னும் எட்டுப் பழம் வந்தது. அடுத்த நாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். பசி என்றால் என்னவென்று அந்த மனிதர் அதுவரை கண்டதில்லை. வயிறு இருந்த இடத்தில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிறமாதிரி இருந்தது. கன்னம் ஒட்டியது. வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துப் பதறினார்கள். "ஐயோ, அண்ணாச்சி இப்படி மெலிஞ்சிட்டாகளே" என்று அடுத்த முறை இரண்டாகக் கொண்டுவந்தார்கள். மெலிந்த நோயாளி சீக்கிரம் போவான், போனால் பழமும் கணக்கும் ஒழியும், அதற்குள் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பதற்றத்தில் பாதி இந்தப் பதற்றம்தான்.

டாக்டர் சுவரில் வந்தார். அவர் இருப்பது பூமியில், தெரிவது சுவரில். கண் மட்டும் நம்மைப் பார்க்காது, பக்கத்தில் ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"என்னங்க தாணுலிங்கம், நேத்து மட்டும் அறுநூறு கிராமா? அத்தனையும் பழம்! பழம்தானேன்னு இஷ்டத்துக்குத் தின்னா எப்படி?"

"ஐயா, வாயில தண்ணியைத் தவிர ஒண்ணும் படல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

"என்னைப் பாருங்கய்யா. விலா எலும்பு தெரியுது."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். எடை குறையுதுன்னு காட்டுது. அதுவரைக்கும் நல்லது. வாயைக் கட்டிட்டீங்கன்னா இன்னும் நல்லாக் குறையும்." சுவர் வெறும் சுவராகிவிட்டது.

அன்றைக்குத்தான் தாணுலிங்கம் பயந்தார். உட்கார்ந்து யோசித்தார். கணக்குத் தெரிந்த ஆள்தான். அப்போது அவர் பேரில் இருபத்தாறு பழம். வருகிறவர்களில் இருபத்தாறு பேர் ஆளுக்கு ஒன்று கையில் வாங்கி, வீட்டுக்குப் போய், ஒரே ஒரு சாயங்காலம் முறுக்கை விட்டுவிட்டு அதைத் தின்றால் போதும். மடை திறந்துவிடும். ஒரு சாயங்காலம். அதற்குமேல் யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டாம்.

முதலில் பெண்டாட்டியிடம் கேட்டார். உலகம்மாள் தினமும் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் எரிந்தது. அவளுக்கும் சாயங்கால முறுக்கு உண்டு.

"உலகு, இந்த வாழைப்பழத்தை நீ வாங்கிக்கோ."

அவள் கை தானாக முந்தானைக்குள் போனது. "ஏங்க, இன்னைக்கு நான் விரதம்."

"விரதத்துக்குப் பழம் சாப்பிடலாமேட்டீ."

"இது பழமும் சாப்பிடாத விரதங்க. உங்களுக்காகத்தான் இருக்கேன்."

"எனக்காக விரதம் இருக்க வேண்டாம். எனக்காக ஒரு வாழைப்பழம் தின்னு."

"சாமி காரியத்துல விளையாடாதீங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையான அழுகைதான். ஆனால் கையை வெளியே எடுக்கவில்லை.

அவள் தம்பி பிச்சையா அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவர் பார்வை தன் பக்கம் திரும்புவதைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான்.

"அத்தான், ஆஸ்பத்திரியில இருந்து பழம் வீட்டுக்குக் கொண்டுபோகப்பிடாது. நோய் பின்னாலேயே வந்திரும்னு சொல்லுவாக. நான் எனக்காகச் சொல்லல, பிள்ளைகள் இருக்கு."

"யாருவே சொல்லுவாக?"

"எல்லாரும்தான் சொல்லுதாக." சொல்லிக்கொண்டே சட்டைக்குள்ளிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து, அவர் கையைப் பிரித்து வைத்து, விரல்களை மடக்கிவிட்டான். அவரிடமிருந்து கற்றுக்கொண்ட மடக்குதான். "நான் இதைச் சொல்லத்தான் வந்தேன், அத்தான். நல்லாச் சாப்பிடணும்."

காற்றுக்குழாய் ஆட்களிடம் கேட்டார். ஒருவனுக்கு அன்று வீட்டில் விசேஷம், வயிற்றில் இடம் கிடையாது. இன்னொருவன் ஆப்பிள் தின்றால் தும்முவான். மூன்றாமவன், "உங்க பழத்தை நான் பிடுங்கித் தின்னா என் நாக்கு அழுகிப்போகும், அண்ணாச்சி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். நாலாமவன் தான் கொண்டுவந்ததை அவர் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

எல்லாரும் போனபிறகு அவர் தடுமாறி எழுந்து, ஒரு சாத்துக்குடியை எடுத்துக்கொண்டு ஜெயசிங்கின் கட்டிலுக்குப் போனார். ஜெயசிங் அப்போதுதான் கஞ்சி குடித்து முடித்திருந்தான். முகத்தில் ரத்தம் ஏறி, ஆள் தேறியிருந்தான். ஊரில் ஒருவனும் சீண்டாதவன் அந்த அறையிலேயே கொழுகொழுவென்று இருந்தான்.

"தம்பி, இந்த ஒண்ணை வாங்கிக்கோ. உனக்கு நாற்பது கிராம் முழுசா இருக்கு."

"இல்ல. கஞ்சிக்கே சரியாப் போச்சு."

"நாளைக்கு ஒரு வேளைக் கஞ்சியை விட்டிரு. நான் செத்துக்கிட்டிருக்கேன்டே."

"தெரியுது."

"ஒரு மனுஷன் கேக்கிறேன்."

ஜெயசிங் கையை அக்குளிலிருந்து எடுக்காமலே எழுந்து உட்கார்ந்தான். "எபனேசர்னு ஒருத்தர் இதே கட்டில்ல கிடந்தாரே, ஞாபகம் இருக்கா? பனிக்கட்டி வெட்டுற இடத்துல டிரைவர்."

தாணுலிங்கம் யோசித்தார். எத்தனையோ பேர். "பார்த்திருப்பேன்."

"எங்க அண்ணன். நீரு மூணு தரம் வந்தீரு. மூணாந்தரம் அவரு கையை மூடிக்கிட்டாரு. நீரு ஒவ்வொரு விரலாப் பிரிச்சு வச்சீரு. 'சின்னப்பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதேயும், உடம்புக்கு நல்லது'ன்னு சொன்னீரு. நான் அந்த ஜன்னல் பக்கம் நின்னேன். அவரு செத்தப்போ கையில ஆப்பிள் இருந்துச்சு. அதுல கட்டைவிரல் நகம் பதிஞ்சிருந்துச்சு, பிறை மாதிரி."

"எல்லாப் பழத்திலயும் ஏதாவது ஒரு தழும்பு இருக்கும்டே."

"இருக்கும். உம்ம மச்சினன் வச்சிட்டுப் போனானே, அதைத் திருப்பிப் பாரும்."

தாணுலிங்கம் கட்டிலுக்குத் திரும்பி ஆப்பிளை எடுத்தார். காம்புக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு பிறை. கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். அச்சு மாதிரிப் பொருந்தியது. கிட்டங்கிக்குப் போய், துடைத்து, யார் யார் கைக்கோ போய், சுற்றி வந்திருக்கிறது. எத்தனை பேர் தலைமாட்டில் இருந்துவிட்டு வந்ததோ, யாரும் ஒரு கடி கடிக்கவில்லை.

அதைக் கடித்தார். மென்றார், விழுங்கினார். மடை மூடியிருந்தது. போன வழியே திரும்பி வந்தது. செவிலி வந்து தரையைத் துடைத்துவிட்டு, "பழத்தை வீணாக்குவது குற்றம். முதல் முறை என்பதால் எச்சரிக்கை" என்று சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் அவரும் கையை அக்குளில் செருகிக்கொண்டார். அது ஜெயசிங்குக்குப் பலித்தது. அவன் வாய் கெட்ட வாய், பக்கத்தில் யாரும் போகவில்லை. இவருக்கோ ஊர் முழுக்க அன்பு. "என்ன அண்ணாச்சி, சின்னப்பிள்ளை மாதிரி" என்று நாலு பேர் சிரித்துக்கொண்டே கையை இழுத்து விரித்தார்கள். அவருக்கு எதிர்க்கத் தெம்பில்லை. "அடம் பிடிக்காதீங்க, உடம்புக்கு நல்லது." வாய் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். பழக்கமில்லாததால் அது சரியாக வரவில்லை. எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். "அண்ணாச்சிக்கு இன்னும் குசும்பு போகல" என்றார்கள்.

ஜெயசிங் குணமாகி வீட்டுக்குப் போன அன்று காலையில் தாணுலிங்கம் இறந்தார். மேசை, ஜன்னல், கட்டிலடி எல்லாம் பழம். வலது கையில் ஒரு மாம்பழம். யார் வைத்தது என்று தெரியவில்லை. விரல்கள் ஒழுங்காக மடக்கியிருந்தன. பக்கம் பக்கமாக எண்ணிய செவிலி நூற்றுப் பதினேழு என்று பதிந்தது. குழியூர் ஆஸ்பத்திரி வரலாற்றிலேயே பெரிய எண்.

அந்த எண் பூமிக்குப் போனது. பூமியில் ஒரு சங்கம் இருக்கிறது. எந்த ஊரில் மனிதநேயம் அதிகம் என்று பார்த்து வருடா வருடம் பரிசு கொடுப்பார்கள். எல்லா ஊர் எண்களையும் போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி நோயாளிக்குப் பழம் கொண்டுபோவதில் குழியூரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்து ஊரில் நோயாளிக்கு ஆறு பழம் வந்தால் பெரிது. ஆகவே குழியூருக்கே பரிசு. அங்கே இருக்கிற மனிதர்கள் இவ்வளவு கொடுக்கிறார்கள், ஆனால் கையில் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு பழம்தானா என்று வருத்தப்பட்டு, ஆளுக்கு நாலு பழமாகக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி உத்தரவும் போட்டார்கள்.

பாராட்டு விழா வளையக்கதவுச் சிலைக்கு எதிரே நடந்தது. ஊரே திரண்டுவிட்டது. அதிகப் பழம் பெற்ற நோயாளியின் மனைவி என்று உலகம்மாளை மேடையில் நடுவில் உட்கார வைத்தார்கள். புதுப் புடவை. சோகமாகத்தான் இருந்தாள், ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. மைக்கைக் கொடுத்தார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நூத்திப் பதினேழு பழம் வந்துச்சு" என்றாள். "தலைவரு படுத்தப்போகூட அவ்வளவு வரல." தலைவர் பெரிய மனசோடு சிரித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு தலைவர் எழுந்து, "அம்மாவை நம்ம முறைப்படி கௌரவிக்க வேண்டும்" என்றார். ஊர் மன்றத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். எல்லார் உள்ளங்கையிலும் ஒரு பழம். ஆளுக்கு நாலாகக் கூடிய பங்கீட்டை அன்று காலையில்தான் வாங்கியிருந்தார்கள்.

உலகம்மாள் பார்த்தாள். கை முந்தானைக்குள் போனது. மைக் இன்னும் எதிரேதான் இருந்தது.

"ஐயா, இன்னைக்கு நான் விரதம்."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "விரதத்துக்குப் பழம் சாப்பிடலாமேம்மா!"

கூட்டமும் சிரித்தது. முதல் உறுப்பினர் அவள் கையை மரியாதையாக வெளியே இழுத்து, விரித்து, சாத்துக்குடியை வைத்தார். படம் பிடிப்பவன் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான். இரண்டாமவர் வாழைப்பழம். மூன்றாமவர் மாம்பழம். வாங்கியதை வாங்கியதைப் பக்கத்தில் ஒரு தட்டில் அவளே வைத்துக்கொண்டு வந்தாள். கையைத்தான் காலியாக வைத்திருக்க வேண்டும், அடுத்தவர் நிற்கிறாரே. அவள் மணிக்கட்டில் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. நாலாமவர் வந்தபோது மாவெண்ணி கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கிவிட்டது. மைக்கில் அது நன்றாகக் கேட்டது. ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

கடைசியாகத் தலைவர் தன் பழத்தை எடுத்தார். கிட்டங்கியிலிருந்து துடைத்து வந்த ஆப்பிள். காம்புக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு பிறை, அதற்குப் பக்கத்தில் ஒரு கடி. வாடாப்பழத்தில் கடித்த இடம்கூட வாடவில்லை. உலகம்மாள் கையை மூடிக்கொண்டாள். அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

"கையில் வாங்கிக்கங்கம்மா. கீழே வைக்கப்பிடாது."

வாங்கிக்கொண்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

முதல் வரிசையில் பிச்சையாவும் எழுந்து நின்றிருந்தான். அவனால் சரியாகத் தட்ட முடியவில்லை, இரண்டு கையிலும் பழம். மேடையில் அக்காவின் சிவப்பைப் பார்த்தான், கண் கலங்கியது. பக்கத்தில் நின்றவனிடம் குனிந்து கேட்டான்:

"அக்காவுக்கு எப்ப கத்தி வைப்பாக? அன்னைக்கே பார்க்க விடுவாகளா?"